மூன்றாம் கைக்குப் போன ஆகாயத் தோணி

பூமியிலிருந்து புறப்பட்ட ஆகாயத் தோணி சந்திரனுக்குப் போய்ச் சேர ஒன்பது மாதம் ஆயிற்று. அதே தோணி செவ்வாயில் இறங்கி, அங்கே இருந்தவர்களுக்குக் கள் குடிக்கக் கூடாது என்று புத்தி சொல்லி முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. எங்கள் சண்டையெல்லாம் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றித்தான்.

'ஆகாயத் தோணி' என்பது பட்டணத்திலிருந்து மாதா மாதம் ரயிலில் வந்த ஒரு சின்னப் புத்தகம். அதில் ஒரு ரசாயன பண்டிதர், அவருடைய தங்கை மகள், ஒரு பயில்வான், ஒரு சமையல்காரன் ஆக நாலு பேர் பறக்கும் தோணி ஒன்றில் ஏறிக் கிரகம் கிரகமாகப் போவார்கள். எழுதியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அட்டையில் ஒரு புனைபெயர் இருக்கும், அவ்வளவுதான்.

நான் அப்போது ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் இருந்தேன். பதமான தோலை அடுக்கி, கோணி சுற்றிக் கட்டி, லண்டனுக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டுகளின் மேல் கறுப்பு மையால் இங்கிலீஷ் எழுத்துப் போடுவது என் வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததற்குக் கிடைத்தது. அந்த வேலையில் எனக்குப் பிடித்தது, யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதுதான். கோணி திருப்பிக் கேள்வி கேட்காது. வீட்டில் அண்ணனும் அண்ணியும் என் பங்குக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்கள். யாராவது என் முகத்தைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், எனக்குக் காது சூடாகி, பதில் தொண்டைக்குள்ளேயே திரும்பிப் போய்விடும்.

ஆனால் உரக்கப் படிக்கச் சொன்னால் படித்துவிடுவேன். அதற்குக் கூச்சம் வராது. சொல்வது வேறொருத்தர், நான் வெறும் குழாய் என்ற நினைப்புதான் காரணம்.

கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஜும்மா தொழுகை முடிந்ததும் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் கூட்டம் சேரும். கடைக்காரர்தான் அந்தப் புத்தகத்துக்குச் சந்தா கட்டியிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியாது. எனக்கு முன்னால் படித்துக் காட்டிய ஆள் முதல் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு ரங்கூனுக்குக் கப்பலேறியதும், ஒரு நாள் கடைக்காரர் புத்தகத்தை என் மடியில் போட்டு, "உனக்கு எழுத்து தெரியுமில்ல, படி," என்றார். அன்றிலிருந்து ஒரு புத்தகத்தை நாலு வெள்ளிக்கிழமைக்குப் பங்கு போட்டு நான்தான் படித்தேன். ஒரு வாரம் முழுக்க என் குரலை நானே கேட்பது அந்த ஒரு மத்தியானத்தில்தான். அதனால் அந்தக் கதை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இருந்த அக்கறை, எழுதியவருக்குக்கூட இருந்திருக்காது.

கேட்க வருகிறவர்களில் பெரிய ஆள் எங்கள் கிடங்கில் தோல் தரம் பிரிக்கிற பாய். தோலை மடியில் போட்டு, கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, ஒன்றாம் தரம், இரண்டாம் தரம், ரிஜெக்ட் என்று வீசுவார். தோலை மட்டுமில்லை, கல்யாண வீட்டுச் சாப்பாடு, பள்ளிவாசல் பிரசங்கம், மழை எல்லாவற்றையும் அப்படித்தான் வீசுவார். சந்திரனில் நடந்த கதை ஒன்றாம் தரம் என்பது அவர் தீர்ப்பு. செவ்வாய்க் கதை, உண்ணி கடித்த தோல் மாதிரி, எங்கே தொட்டாலும் ஓட்டை.

அவர் சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. இரண்டாம் வருஷம் எரிமலைக்குள் விழுந்து செத்த பயில்வான் நாலாம் வருஷம் உயிரோடு வந்தான். செத்தது அவனுடைய இரட்டைப் பிறவி என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எரிமலையில் விழுந்தபோது அவனுக்காக ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவர் பாய். தம்பி செத்ததற்கு அழுததை அண்ணன் கணக்கில் எப்படி மாற்றுவது என்று அவர் பார்த்தவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் கம்பெனியின் பிட்டர். தோல் ஊறும் டிரம்முகளையும் பம்பையும் ரிப்பேர் பார்ப்பவர். கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக முடியாமல் டிரம்முக்கடியில் படுத்துக் கிடப்பதால் எப்போதும் ஒரு எரிச்சலோடு இருப்பார். அரக்கோணத்தில் ரயில் இஞ்சின் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். அவர் வந்தபோது கதைக்கு மூன்றாம் வருஷம். முதல் இரண்டு வருஷக் கதை அவர் காதில் விழுந்ததேயில்லை. அதனாலேயே அதைப் பற்றி அவருக்கு உறுதியான அபிப்பிராயம் இருந்தது. அது சின்னப் பிள்ளைகளுக்கு எழுதியது, பாதரசத்தையும் சூடத்தையும் போட்டுத் தோணியைக் கிளப்பியிருப்பான், இப்போதுதான் ஆசிரியர் நாலு புத்தகம் படித்து இஞ்சின் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு எழுதுகிறார் என்பார்.

ஏன் கதை மாறிப்போயிற்று என்பதற்கும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எழுதியவர் செத்துப்போய் மகன் எழுதுகிறான் என்று ஒரு கட்சி. இல்லை, அவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு சமையல்காரனைப் பாட்டுப் பாட விட்டுப் பக்கத்தை நிரப்புகிறார் என்று ஒரு கட்சி. பாய் சொன்னது, ஆளுக்கு இரண்டாம் கல்யாணம் ஆகியிருக்கும், வீட்டில் நிம்மதி வந்துவிட்டது, அதுதான் கதையில் சண்டையில்லை என்று. கல்யாணம் ஆனால் நிம்மதி வரும் என்று நினைக்கிறவரை இன்றைக்குத்தான் முதல் முறை பார்க்கிறேன் என்றார் கடைக்காரர்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தது ஒரு வெள்ளிக்கிழமை கைகலப்பில் வந்து நின்றது. அடிக்கவில்லை. பிட்டர் தோணியின் இறக்கை எப்படிச் சுழலும் என்று கையை வீசிக் காட்டினார், பாய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார், நடுவில் இருந்த பெஞ்சு சாய்ந்து டீ கிளாசுகள் உடைந்தன. கடைக்காரர் துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே பேசினார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கதை நல்லதா மட்டமா என்று இரண்டு பேரும் ஒரே பேச்சாக வந்து சொல்ல வேண்டும். மட்டம் என்றால் சந்தாவை நிறுத்திவிடுவார். அதற்குப் பதில் பேசும் படத்துக்காரிகளின் போட்டோ போட்டு வருகிறதே ஒரு பத்திரிகை, அதை வரவழைப்பார். அதைப் படிக்கக்கூட வேண்டாம், பார்த்தால் போதும், கிளாசும் உடையாது.

படிக்க வேண்டாம் என்று அவர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. போட்டோவைக் காட்டுவதற்கு ஒரு ஆள் எதற்கு?

வார நடுவில் கிடங்கில் பாய்க்கு யோசனை தோன்றியது. எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தோலின் தரத்தைப் பற்றி இரண்டு பேருக்குள் தகராறு வந்தால், அதை மூன்றாம் கைக்கு விடுவார்கள். அந்தத் தகராறே தெரியாத ஒருத்தரைக் கூப்பிட்டு, அந்தத் தோலை வேறு தோல்களோடு கலந்து முன்னால் போடுவார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று வாயைத் திறக்கக் கூடாது. அவர் தடவிப் பார்த்து எந்தக் குவியலில் வீசுகிறாரோ அதுதான் தரம். அதற்குப் பிறகு முனகினால்கூட மரியாதை இல்லை. கதையையும் மூன்றாம் கைக்கு விடலாம் என்றார் பாய். பிட்டர் சரி என்றார். எனக்குத் தெரிந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

மூன்றாம் கையாகக் கிடைத்தவர் குடியாத்தத்துக்காரர். கைத்தறி லுங்கி நெய்து, மூட்டை கட்டி, மாதம் ஒரு முறை எங்கள் கேட்டில் வந்து விற்பவர். கதையைக் கேட்டதே இல்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்து இழை விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, எதைப் பார்த்தாலும் குற்றம்தான் முதலில் கண்ணில் படும் என்று அவரே சொல்லிக்கொண்டார். அது போதும் என்று இரண்டு கட்சியும் ஏற்றுக்கொண்டது.

பழையதிலிருந்து ஒரு துண்டு, அன்றைக்குப் பார்சலில் வந்த புதிய புத்தகத்திலிருந்து ஒரு துண்டு, இரண்டையும் தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டியது நான். எது எது என்று சொல்லக் கூடாது. பேர்கள் வந்தால் 'ஒருத்தன்', 'ஒருத்தி' என்று மாற்றிவிட வேண்டும். அட்டை தெரியாமல் இரண்டுக்கும் செய்தித்தாள் உறை போட்டுக்கொண்டேன். பழைய துண்டை வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் படித்தால் புதியது ஜெயித்துவிடும், கதை தப்பித்துவிடும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் மூன்றாம் கைக்குப் போகிற தோலில் அடையாளம் போடுகிறவனைக் கிடங்கில் எப்படிப் பேசுவார்கள் என்றும் தெரியும். இரண்டையும் ஒரே மாதிரிதான் படித்தேன்.

முதல் துண்டில் ஒருத்தனும் ஒருத்தியும் பள்ளம் நிறைந்த மலையில் ஏறுகிறார்கள். இரண்டு தலை மிருகம் ஒன்று வருகிறது. ஒருத்தன் ஒரு தலையின் கழுத்தை நெரிக்கும்போது இன்னொரு தலை அவன் தோளைக் கவ்வுகிறது. ஒருத்தி கால் தவறிப் பள்ளத்தில் விழுந்து, ஒரு வேரைப் பிடித்துத் தொங்குகிறாள். அங்கே நிறுத்தினேன்.

இரண்டாவது துண்டில் தோணி கிளம்ப மறுக்கிறது. ஆவிக் குழாய் எங்கே போகிறது, அழுத்தம் ஏறினால் எந்த மூடி திறக்கும், எங்கே கசிகிறது என்று மூன்று பக்கத்துக்கு விவரம். கடைசியில் ஒருத்தன் தன் இடுப்பு வாரை அறுத்துத் தோல் வாஷர் வெட்டிப்போட்டுக் கசிவை அடைக்கிறான். தோணி எழும்புகிறது.

மூன்றாம் கை பேசுவதற்கு முன்னால் மற்றவர்கள் பேசக் கூடாது என்பதுதான் வழக்கம். பாய்க்குப் பொறுக்கவில்லை.

"மொதல்ல படிச்சான் பாரு, அதாம்பா பழசு. கழுத்த நெரிக்கறான், பல்லு தோள்ல எறங்குது, எனக்கு இங்க வலிக்குது. இது நான் கேட்டது. அன்னைக்கு மழ, இதே பெஞ்சுல ஒக்காந்து கேட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"மொதல்ல படிச்சது பழசுதான்," என்றார் பிட்டரும். "ரெண்டு தல மிருகம், சின்னப் பசங்க சமாச்சாரம். ரெண்டாவது தான் புதுசு. அந்த வாஷர் பாத்தீங்களா பாய்? எவனாவது ரிப்பேர் தெரியாதவன் அத எழுதுவானா? இவன் எங்கியோ ஒரு ஷெட்ல வேல பாத்திருக்கான்."

இத்தனை வருஷத்தில் இரண்டாம் முறையாக, எது பழசு எது புதுசு என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். இரண்டு பேரும் சொன்னது தப்பு.

மிருகம் அன்றைக்கு வந்த பார்சலில் இருந்தது. பாய் மழையில் உட்கார்ந்து கேட்டதாகச் சொன்ன பக்கத்தின் வெட்டாத ஓரத்தை நான்தான் அன்று காலையில் பேனாக் கத்தியால் பிரித்தேன். வாஷர் முதல் வருஷத்துப் புத்தகத்தில் வந்தது. பாய் அதைக் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை. மெஷின் வருகிற பக்கங்களில் அவர் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

குடியாத்தத்துக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னார். "எனக்கு ரெண்டும் ஒரே தறியில போட்ட மாதிரிதான் கீது. ஒண்ணுல கரை கொஞ்சம் ஜாஸ்தி, ஒண்ணுல கம்மி. நூல் அதே நூலு." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு விழுந்துட்டாளா இன்னா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எது எது என்று நான் சொல்லியாக வேண்டும். வாய் வரவில்லை. இரண்டு புத்தகத்தின் உறையையும் கழற்றி, அட்டை தெரிய பெஞ்சின் மேல் வைத்தேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் அழுக்கு எல்லாருக்கும் தெரியும். ஒன்று டீக்கறையும் விரல் ரேகையுமாக இருந்தது. இன்னொன்றில் பசை வாசனை போகவில்லை.

பாய் இரண்டு அட்டையையும் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு சொன்னார், படித்த விதத்தில் கோளாறு என்று. நான் புதியதற்குக் குரலில் உப்புப் போட்டுவிட்டேனாம். பிட்டர் சொன்னார், மெஷின் பக்கத்தை நான் இவ்வளவு தெளிவாக முன்னெல்லாம் படித்ததே இல்லை, பழையதில் இல்லாததை நடுவில் சேர்த்திருக்கிறேன் என்று. ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டிருந்தவர்கள் தோளோடு தோள் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். ஆவிக் குழாயும் அழுத்த மூடியும் பற்றி மூன்று பக்கம் சொந்தமாகச் சேர்க்கிற மூளை எனக்கு இருந்தால் நான் ஏன் கோணியில் எழுதிக்கொண்டிருக்கிறேன்? இதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

காப்பாற்றியவர் கடைக்காரர்தான். காப்பாற்ற நினைத்துச் செய்யவில்லை. அவருக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கப்பா பேஜாரு. ரெண்டு பேருக்கும் பழசும் தெரியல, புதுசும் தெரியல. மூணாவது ஆளு ரெண்டும் ஒண்ணுன்றாரு. எல்லாத்தையும் படிச்சவன் இவன் ஒருத்தன்தான். டேய், நீ சொல்லு. கத நல்லா கீதா, மட்டமா? சொல்லு, அதும்படி செய்றேன்."

அத்தனை வருஷமாக அந்தக் கடையில் என்னிடம் யாரும் கதையைப் பற்றிக் கேட்டதில்லை. குழாயிடம் தண்ணீரைப் பற்றி யார் கேட்பார்கள்? நல்லா இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சந்தா நிற்காது, வெள்ளிக்கிழமை நிற்காது. ஆனால் அந்த இரண்டு வருஷத்தை ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தவன் நான். சமையல்காரனின் பாட்டுகளையெல்லாம் ராகம் தெரியாமல் படித்தவன். செவ்வாயில் பண்டிதர் செய்த பிரசங்கத்தில் எனக்கே இரண்டு முறை கொட்டாவி வந்து, வரி தவறிப் படித்து, யாரும் அதைக் கவனிக்காமல் போனதும் எனக்குத்தான் தெரியும்.

"மட்டம்தான்," என்றேன்.

பாய் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ரெண்டு வருஷமா மட்டம்தான்," என்றேன். "முன்னாடியும் ரொம்ப நல்லா இல்ல. பயில்வான் செத்தது நல்லா இருந்துச்சு. திரும்பி வந்தது அசிங்கம். ஆனா நிறுத்த வேணாம்."

"மட்டம்ன்ற, நிறுத்த வேணாம்ன்ற?"

"ஆமா."

"ஏண்டா?"

"அடுத்தது இன்னான்னு தெரியணும்."

என் காது பற்றி எரிந்தது. அதுவரை அந்தக் கடையில் என் சொந்த வாயால் நான் சேர்ந்தாற்போல் பேசியதில் அதுதான் நீளம். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையிலிருந்த டீயை என் முன்னால் வைத்தார்.

"மட்டம்னு தெரிஞ்சே வாரம் தவறாம வர்றான். என் டீயப் பத்தியும் இதே எண்ணம்தான் இருக்கும் போல."

கடையே சிரித்தது. பாய் சிரித்ததில் தொப்பி நழுவியது. சந்தாவைப் பற்றி யாரும் பேசவில்லை. நிறுத்துவதாக இருந்தால் கடைக்காரர் அந்த டீயை எனக்குக் கொடுத்திருக்க மாட்டார் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பாய் மட்டும், இப்படி ஒரு அபிப்பிராயத்தை உள்ளே வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஊமையாக உட்கார்ந்திருந்தாயே, நீ பெரிய கள்ளன் என்றார்.

"அதெல்லாம் அப்பால வச்சுக்கங்க பாய்," என்றார் குடியாத்தத்துக்காரர். அவர் மூட்டையைத் தலைமாட்டுக்குப் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டிருந்தார். "எனக்கு ரயிலுக்கு நேரமாவுது. அந்தப் பொண்ணு தொங்கிட்டு கீறா. தம்பி, படி."

புதிய புத்தகத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து படித்தேன். வேர் அறுகிறது. அவள் கீழே ஒரு பாறையில் விழுகிறாள். தன் புடவைத் தலைப்பைப் பாறையில் முடிந்து, மற்ற முனையை மேலே வீச, பயில்வான் அதைப் பிடித்து இழுத்துவிடுகிறான். பனைமர உயரப் பள்ளம் என்று போன பக்கத்தில்தான் படித்திருந்தேன்.

"பனமர ஒயரமா?" பிட்டர் கையை உயர்த்தி அளந்தார். "புடவ எட்டாது."

"எட்டாது," என்றார் குடியாத்தத்துக்காரர், நெய்கிறவர் என்ற முறையில். "எட்டினாலும் பாறையில முடிஞ்சுட்டு இவள எப்படி இழுப்பான்? பாறையதான் இழுக்கணும்."

"பழைய பயில்வானா இருந்தா இழுப்பான்," என்றார் பாய்.

மூன்று பேரும் அதோடு விடவில்லை. என்னைப் பார்த்தார்கள். கடைக்காரரும் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி பார்த்தார். படிக்கிறவனுக்கு இனிமேல் இந்தத் தொல்லையும் உண்டு என்று அப்போது தெரிந்தது. நான் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "ஓட்டைதான்," என்றேன். "மேல படிக்கட்டுமா?"